கைவண்டி நடையில் 'பா', 'மா' ஆகப் போகிறவர்களுக்கு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், அதாவது வெளியார் மார்மன் சபை என்று குறிப்பிடும் சபையில், 14 முதல் 18 வயது வரையிலான இளையோரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சபையின் முன்னோடிகள் மேற்கே வந்த பயணத்தை நினைவுகூரும் 'ட்ரெக்' நடைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேரூன்றியிருக்கிறது. அவர்கள் 19-ஆம் நூற்றாண்டு உடை அணிந்து, மரக் கைவண்டியில் தங்கள் மூட்டைகளை ஏற்றி, மூன்று நாட்கள் மேட்டிலும் பள்ளத்திலும் அதை இழுத்துச் செல்வார்கள். எட்டு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒரு 'குடும்பம்'. அதை நடத்தும் தம்பதியருக்கு 'பா', 'மா' என்று பெயர். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிஷப் அருகில் வந்து, இந்தக் கோடையில் நீங்களும் உங்கள் துணைவரும் வர இயலுமா என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே சம்மதித்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் அஞ்சத் தொடங்குகிறார்கள். அப்படிச் சம்மதித்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருமுறை 'பா'வாகவும் ஒருமுறை தண்ணீர் லாரியின் ஓட்டுநராகவும் சென்றிருக்கிறேன். லாரியின் இருக்கையிலிருந்து பார்த்தபோதுதான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முதலில் வரலாற்றைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள்

சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். 1846 பிப்ரவரியில் சபையினர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் தாங்கள் எழுப்பிய நாவூ நகரைவிட்டு வெளியேறத் தொடங்கினர். பிரிகம் யங் 1847 ஜூலை 24 அன்று சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். யூட்டா மாநிலம் அந்த நாளை இன்றும் விடுமுறையாகக் கொண்டாடுகிறது. இவர்கள் வந்தது மாட்டு வண்டிகளில். கைவண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஏழை விசுவாசிகளுக்கு மாடும் பெரிய வண்டியும் வாங்கிக் கொடுக்கும் செலவு கட்டுப்படியாகாத நிலையில், இரயில் பாதை அப்போது முடிந்த இடமான அயோவா சிட்டியிலிருந்து சுமார் 1,300 மைல் தூரத்தைக் கையால் இழுக்கும் வண்டியோடு நடந்தே கடக்கச் செய்யலாம் என்று 1855-இல் முடிவெடுக்கப்பட்டது. 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களாக ஏறத்தாழ 3,000 பேர் இவ்வாறு வந்தனர்.

அந்தப் பத்தில் எட்டுக் குழுக்கள் பெரிய அழிவின்றி வந்து சேர்ந்தன என்பதை இளையோர் பலர் அறிவதில்லை. ஜேம்ஸ் வில்லி, எட்வர்ட் மார்ட்டின் ஆகியோர் தலைமையேற்ற இரண்டு குழுக்கள் மட்டும் 1856-இல் ஜூலை பிற்பாதியில், மிகத் தாமதமாக, அயோவா சிட்டியைவிட்டுப் புறப்பட்டு, அக்டோபர் 19 அன்று வயோமிங்கில் பனிப்புயலில் சிக்கின. இரு குழுக்களிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில் பாதை 1869-இல் நிறைவடையும்வரை மேற்கே வந்த ஏறக்குறைய 70,000 பேரில் கைவண்டியோடு நடந்தவர்கள் இருபதில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே, முன்னோடிகள் எல்லாரும் பனியில் விறைத்தபடி கைவண்டி இழுத்தார்கள் என்ற மயக்கத்தை உங்கள் பிள்ளைகளின் மனத்தில் விதைக்காதீர்கள்.

இரவுகளில் கதை சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடமே வரும் என்பதால், ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். 1856 நவம்பர் 4 அன்று மார்ட்டின் குழு உறைபனி மிதக்கும் ஸ்வீட்வாட்டர் ஆற்றைக் கடந்தபோது, மீட்க வந்த மூன்று வாலிபர்கள் எல்லாரையும் தோளில் சுமந்து கரைசேர்த்ததாகவும், அந்தக் குளிரின் விளைவாலேயே மூவரும் பின்னர் இறந்ததாகவும் ஒரு வடிவம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆவணங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், ஆற்றில் இறங்கி உதவியவர்கள் மூவருக்கும் மேற்பட்டவர்கள் என்றும், பெயர் தெரிந்த வாலிபர்கள் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்றும் காட்டியிருக்கிறார்கள். உண்மையான நிகழ்வே போதிய அளவு பெரியது. பதினாறு வயதுப் பிள்ளை இரவில் நீங்கள் சொன்னதை மறுநாள் கைபேசி கிடைத்ததும் சரிபார்ப்பான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் விரும்பிச் சொல்வது லீவை சாவேஜின் கதை. பர்மாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் வில்லி குழுவோடு இணைந்த அவர், ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் ஃப்ளோரன்ஸில் கூடிய கூட்டத்தில், முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தாமதமாக மலைகளுக்குள் நுழையக்கூடாது, குளிர்காலத்தை இங்கேயே கழிக்கலாம் என்று வாதாடினார். அவருடைய சொல் எடுபடவில்லை. அப்போது அவர், நீங்கள் போவதானால் நானும் வருவேன், உங்களோடு துன்பப்படுவேன், தேவையானால் உங்களோடு இறப்பேன் என்ற பொருள்படப் பேசிவிட்டு உடன் நடந்தார். உயிரோடு வந்தும் சேர்ந்தார். தமிழ் வாசகருக்கு ஓர் இடைச்செய்தி: அவரைப் போலவே ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட அந்தத் தொகுதி ஊழியர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853-இல் மதராஸில் வந்திறங்கிச் சில காலம் பிரசங்கம் செய்தார்.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே

இளையோரோடு பணியாற்றும் பெரியவர்கள் அனைவரும் சபையின் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதை இணையத்தில் ஒரு மாலைப்பொழுதிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதன் விதிகளை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கும் சூழல் எந்நேரத்திலும் ஏற்படக்கூடாது. இரவில் தலைவலி என்று ஒரு சிறுமி எழுந்து வந்தாலும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே கவனிக்க வேண்டும்.

அடுத்து, பெற்றோர் நிரப்பித் தரும் மருத்துவப் படிவங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, வேர்க்கடலை ஒவ்வாமை, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். புதிய இடத்தில் தோழர்கள் முன் மாத்திரை விழுங்கக் கூச்சப்பட்டு மூன்று நாட்கள் அதை நிறுத்திவிடுவது நடக்கக்கூடியது. கைபேசிகளைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவது வழக்கம். இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி கைபேசியோடு இணைந்திருக்கும் பிள்ளைக்கு அந்த விதி பொருந்தாது என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடலையும் தயார்ப்படுத்த வேண்டும். வயோமிங்கின் மார்ட்டின்ஸ் கோவ் போன்ற இடங்கள் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் எளிதாக நடப்பவருக்கும் அங்கே மூச்சு வாங்கும். எட்டு வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று நாட்கள், ட்ரெக்கில் அணியப்போகும் அதே காலணியோடு நடங்கள். புதுக் காலணியோடு வருபவர் முதல் நாள் மதியமே நொண்டத் தொடங்குவார். என் முதல் ட்ரெக்கில் அப்படி நொண்டியவன் நானே. பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கிக் கொப்புளத்தை வரவழைக்கும். உள்ளே மெல்லிய காலுறையும் வெளியே கம்பளிக் காலுறையுமாக இரண்டு அணிவது நல்லது.

உடை விஷயத்தில் சிறுமியரின் நீளப் பாவாடைதான் கவனத்துக்குரியது. விளிம்பு கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். தரையில் புரளும் பாவாடை சக்கரத்தில் சிக்கும், ஏற்றத்தில் காலில் மிதிபட்டு ஆளைத் தள்ளும். தலைக்குக் குல்லாவோ அகன்ற தொப்பியோ, நீளக் கையுள்ள பருத்திச் சட்டையோ வெறும் வேடத்துக்காக மட்டும் அணிவிக்கப்படுவதில்லை. மேற்கின் வெயிலுக்கு அதைவிட ஏற்ற உடை வேறில்லை.

மூட்டையைப் பொறுத்தவரை, 1856-இல் பெரியவர் ஒருவருக்கு 17 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7.7 கிலோ, மட்டுமே அனுமதிக்கப்பட்டது. உள்ளூர்ச் சபைகள் பல சேர்ந்த வட்டாரப் பிரிவுகளான ஸ்டேக்குகள் பலவும் இன்றும் அந்த அளவையே பின்பற்றி, ஒரு 5 காலன் வாளியும் ஒரு தூக்கப்பையும் என்று வரம்பு வகுக்கின்றன. வாளியைக் கவிழ்த்தால் அதுவே முக்காலி. வாளியை வீட்டிலேயே எடைபோடச் சொல்லுங்கள். ஆனால், கனமான மேலாடையையும் மழையாடையையும் எடையைக் காரணம் காட்டி ஒருபோதும் நீக்கச் சொல்லாதீர்கள். மார்ட்டின் குழு அக்டோபர் 17 அன்று சுமையைக் குறைப்பதற்காகப் போர்வைகளையும் துணிகளையும் கழித்துவிட்டு, இரண்டே நாட்களில் பனிப்புயலைச் சந்தித்தது. ஜூலையிலும் வயோமிங்கின் இரவு நடுக்கும்.

வண்டியை அறிதல்

நம் ஊர் மாட்டுவண்டியைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கைவண்டியின் உறுப்புகள் புதியவை அல்ல: குடம், ஆரக்கால், இரும்புப் பட்டா, அச்சு, கடையாணி. முன்புறம் நீளும் இரண்டு கட்டைகளை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் உள்ளே இருவர் நின்று நெஞ்சாலும் கையாலும் தள்ள, பின்னாலிருந்து மற்றவர்கள் உந்துவார்கள். 1856-இல் அவசரமாகச் செய்த வண்டிகள் காயாத மரத்தால் ஆனவை. வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சக்கரங்கள் தளர்ந்தன, மணல் புகுந்து அச்சு தேய்ந்தது, மசகுக்குப் பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். இன்றைய வண்டிகள் உறுதியானவை என்றாலும், ஒவ்வொரு காலையும் கடையாணியையும் அச்சையும் நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கைவண்டிக்குப் பிரேக் கிடையாது என்பதை முதல் நாளே எல்லாரும் உணர வேண்டும். நான் கண்ட காயங்களில் பெரும்பாலானவை ஏற்றத்தில் நிகழவில்லை. களைத்த பிள்ளைகள் இறக்கத்தைக் கண்டு மகிழ்ந்து ஓடத் தொடங்கும் அந்த அரை நிமிடத்தில் நிகழ்ந்தவை. இறக்கத்தின் தலையில் வண்டியை நிறுத்தி, பின்புறம் கயிறு கட்டி, வலுவுள்ள நால்வரைக் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கிச் சாய்ந்தபடி இறங்கச் செய்யுங்கள். முன் வண்டி அடிவாரத்தை அடைந்து விலகிய பிறகே அடுத்தது இறங்க வேண்டும். சட்டத்தின் உள்ளே நிற்பவர்கள் வண்டியை இழுக்காமல் முதுகால் தடுத்தபடி வர வேண்டும். எது நடந்தாலும் சட்டத்தைத் திடீரென்று விட்டுவிடக்கூடாது, விட்டால் பின்பாரத்தால் அது மேலெழும்பி முகவாயைத் தாக்கும். வண்டியின் மேல் எவரும் ஏறலாகாது. காலில் அடிபட்டவரை ஏற்றிச்செல்ல உதவி ஜீப் இருக்கிறது. நிற்கும் இடமெல்லாம் சக்கரத்துக்கு அடைகல் வையுங்கள்.

நடக்கும் நாட்களில்

வெயிலில் நடக்கும்போது கால்மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பை என்ற கணக்கில், மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். தாகம் எடுத்த பின் குடிக்கலாம் என்று விடாமல், விசில் ஊதி எல்லாரையும் ஒரே நேரத்தில் குடிக்கச் செய்யுங்கள். அதே வேளையில், உப்பில்லாமல் மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்தானது. உப்புப் பிஸ்கட்டோ உப்புச் சேர்ந்த பானமோ இடையிடையே தாருங்கள். சிறுநீரின் நிறத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாணாமல் பேசுங்கள். மாதவிலக்கு நாட்களில் இருக்கும் சிறுமியர் கழிப்பறைக்குப் போக நேரும் என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். 'மா' முதல் மாலையே அவர்களிடம் தனியே, இன்னொரு பெண் தலைவரையும் உடன்வைத்து, கழிப்பறை எங்கெங்கே வரும், தேவையான பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் நீங்கும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். நிழல், ஓய்வு, குளிர்ந்த பானம் போதும். பேச்சுக் குழறுவதும், நடை தள்ளாடுவதும், கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றிப் பதில் சொல்வதும் வெப்பத்தாக்கம். அது உயிர் போகும் நிலை. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பத்தாக்கம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இருக்கும் தண்ணீரையெல்லாம் ஊற்றி, ஈரத் துணியால் போர்த்தி விசிறி, உடலைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவக் குழுவையும் 911-ஐயும் அழையுங்கள். 2016 கோடையில் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு ட்ரெக்கில் வெப்பத்துக்குப் பலியானது பிள்ளைகளில் ஒருவர் அல்ல, உடன்சென்ற ஓர் இளம்பெண். 'பா'க்களும் 'மா'க்களும் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் குடிக்க மறந்துவிடுகிறார்கள்; கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் கவனித்துக்கொள்வது இங்கே விதியாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு ஓய்விலும் எல்லாரும் காலணியைக் கழற்ற வேண்டும். தோல் சிவந்து எரியும் இடத்தில் உடனே ஒட்டுப்பட்டை போட்டால் கொப்புளம் வராது. கொப்புளம் வந்த பிறகு செய்யக்கூடியது குறைவு. சில பையன்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், கழற்றச் சொன்னால்தான் தெரியும். பிற்பகலில் இடி கேட்டால் மேட்டுநிலத்தைவிட்டு இறங்கி, இரும்புப் பட்டா போட்ட வண்டிகளைவிட்டு விலகி நில்லுங்கள். மாலையில் உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் உடலைப் பார்த்துக்கொள்ளட்டும். உணவுக்கு முன் சோப்பிட்டுக் கைகழுவும் வரிசையில் விதிவிலக்கே கூடாது. நூற்றுக்கணக்கானோர் கூடும் முகாமில் வயிற்றுப்போக்கு ஒரே இரவில் பரவிவிடும்.

துன்பத்தைத் தயாரிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுதியதற்கு உண்மையான காரணம் இந்தப் பகுதிதான். முன்னோடிகள் பசித்திருந்தார்கள் என்பதற்காகப் பிள்ளைகளின் உணவைக் குறைப்பது, ஒரு துணிப்பொம்மையைக் கையில் கொடுத்துச் சுமக்கச் செய்து பின்னர் அதை வழியில் 'அடக்கம்' செய்யவைப்பது, வெள்ளை உடையில் ஆட்களை நிறுத்தித் தேவதூதர்களாக வண்டியைத் தள்ளச் செய்வது போன்ற ஏற்பாடுகளை யாரேனும் யோசனையாகச் சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். தம்பியையோ தாயையோ சென்ற ஆண்டு இழந்த பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குப் பொம்மையின் சவக்குழி எதைக் கற்பிக்கும்? 1856-இல் தரப்பட்ட நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாவு பின்னர் இன்னும் குறைக்கப்பட்டது என்று சொல்லுங்கள்; சொல்லிவிட்டு வயிறார உணவு கொடுங்கள். மணலில் நூறடி வண்டி இழுத்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு தானாக விளங்கும்.

'பெண்கள் இழுப்பு' என்றொரு பகுதி பல ட்ரெக்குகளில் உண்டு. ஓரிடத்தில் ஆண்களைத் தனியே அழைத்துச் சென்றுவிட, செங்குத்தான ஏற்றத்தில் பெண்கள் மட்டும் வண்டியை இழுப்பார்கள். மேலே ஆண்கள் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்று பார்ப்பார்கள். ஆண்கள் போனதற்குக் காரணமாக, அமெரிக்க இராணுவத்தில் சபையினர் சுமார் 500 பேர் சேர்ந்த மார்மன் படைப்பிரிவு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது 1846-இல் நடந்தது, கைவண்டிகளுக்குப் பத்தாண்டுகள் முந்தியது. ஆண்கள் இறந்தோ நோயுற்றோ போனதால் பெண்கள் வண்டி இழுத்தது கைவண்டிக் குழுக்களிலும் நடந்ததே. அதைச் சொன்னால் போதும். சில பெண்பிள்ளைகள் இந்த ஏற்றத்தை வாழ்நாள் முழுதும் நினைவுகூர்கிறார்கள். சிலருக்கு, ஆண்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்ற கசப்பே மிஞ்சுகிறது. ஆகவே விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், மேலே சென்றதும் உணர்வைப் பகிரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும். வராத பிள்ளைக்கு விசுவாசம் குறைவு என்று பொருளில்லை.

முன்னோடிகளின் வழித்தோன்றல்களாக இல்லாத பிள்ளைகளும் உங்களோடு நடப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பாட்டனின் பாட்டன் பெயரை எழுதிய அட்டையை அணிந்திருக்க, இவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். மார்ட்டின், வில்லி குழுக்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் புதிதாக மதம் மாறி வந்தவர்கள். அவர்களுக்கும் அங்கே மூதாதையர் யாரும் இருக்கவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் பேசாத ஒருவன் எப்போதும் உண்டு. அவனை எல்லார் முன்னும் பேசச் சொல்லாமல், கயிற்றின் பொறுப்பையோ அடைகல்லின் பொறுப்பையோ அவன் கையில் கொடுங்கள்.

கடைசி நாள்

கடைசி இரண்டு கிலோமீட்டரில் கவனம் சிதறும் என்பதால், அங்கே வண்டிகளுக்கிடையேயான இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கழுவித் துடைத்து, தளர்ந்த ஆரக்கால் இருந்தால் அதில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த வாரம் வேறொரு குழு அதை இழுக்கும். நிலம் கொடுத்த பண்ணையாருக்கு நன்றிக் கடிதத்தைப் பேருந்தில் ஏறும் முன்பே பிள்ளைகள் கையெழுத்திட்டு முடிக்கட்டும், ஊர் திரும்பிய பின் ஒருவரும் எழுத மாட்டார்கள். நடையில் மயங்கியவர், விழுந்தவர், மருந்து தவறியவர் ஆகியோரின் பெற்றோரிடம் வாகன நிறுத்துமிடத்திலேயே நேரில் பேசுங்கள். மீதி மருந்துகளை உரியவர் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி, கைபேசிப் பெட்டி காலியாகிவிட்டதா என்று ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.